வலையருகே வொலி: வீச்சைக் குறைத்து ஆடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் டெனிஸ் பழகத் தொடங்கியவர் ஒருவர் முதன்முறையாக வலையருகே வந்து நின்றதும் மூன்று பக்கத்திலிருந்தும் அறிவுரை வரும். "மணிக்கட்டை இறுக்கிப் பிடி" என்பார் ஒருவர். "கையை இளக்கமாக வை" என்பார் மற்றவர். "குத்தி விடு" என்பார் இன்னொருவர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எது எந்தப் பந்துக்கு உரியது, அது ஏன் பலிக்கிறது என்று ஒருவரும் விளக்குவதில்லை. ஆகவே பழகுபவர் மூன்றையும் ஒரே அடியில் செய்யப்போய்ப் பந்தை வலைக்குள்ளோ பின்வேலிக்கோ அனுப்பிவிட்டு, "எனக்கு வொலி வராது" என்று பின்கோட்டுக்கே திரும்பிவிடுகிறார். வொலி வராதவர் என்று எவரும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அந்த அடி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால், கை செய்ய வேண்டிய வேலை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதும் தெரிந்துவிடும்.

பந்து நம் பக்கத்து நிலத்தில் படுவதற்கு முன்னரே அதை அடித்துத் திருப்புவதுதான் வொலி. ஆடுகளத்தின் எந்த இடத்திலிருந்தும் அவ்வாறு அடிக்கலாம் என்றாலும், இங்கே வலையிலிருந்து இரண்டு முதல் நான்கு மீற்றர் தூரத்துக்குள் நின்று ஆடும் வொலியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கரப்பந்தாட்டத்தில் நாம் ஏற்கெனவே கண்டது

கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. வடக்கிலோ அதற்கு முன்பிருந்தே ஊருக்கு ஊர் ஆடப்பட்டு வருவது. அதில் எதிரணியின் அடியைத் தடுக்க வலைக்கு மேலே கையை உயர்த்தும் ஆட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் கையை வீசுவதில்லை. விரல்களை விரித்து, உள்ளங்கைகளை எதிர்ப்பக்கம் சாய்த்து, உறுதியாக நிறுத்தி வைக்கிறார். எதிரி எவ்வளவு பலமாக அறைகிறாரோ, அவ்வளவு வேகமாகப் பந்து எதிரியின் காலடியிலேயே விழுகிறது. அந்த வேகம் தடுப்பவருடைய தோளிலிருந்து வந்ததன்று, பந்து தன்னோடு கொண்டுவந்தது. தடுப்பவர் செய்ததெல்லாம் உரிய இடத்தில், உரிய சாய்வில், உரிய நேரத்தில் கைகளை வைத்தது மட்டுமே.

டெனிஸ் வொலியும் இந்தத் தடுப்புக்குத்தான் உறவு. கரப்பந்தாட்டமோ பூப்பந்தாட்டமோ ஆடிவிட்டு டெனிசுக்கு வருபவர்கள் பலர், வலையருகே உயர்ந்து வரும் பந்தைக் கண்டதும் அறையும் பழக்கத்தையே கொண்டு வருகிறார்கள். தலைக்கு மேலே தொங்கும் பந்துக்கு அது சரிதான். மார்பளவிலும் இடுப்பளவிலும் வேகமாக வரும் பந்துக்கு, அவர்கள் தடுப்பாளராக நின்ற அனுபவமே உதவும்.

பந்து எவ்வளவு வேகத்தோடு திரும்புகிறது

ஒப்புமை இதுவரை வழிகாட்டும். இனி ரக்கட்டில் நடப்பதைப் பார்ப்போம். டெனிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. அது ரக்கட்டின் நரம்புகளோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு மட்டுமே. ரக்கட்டை அசைக்காமல் பிடித்து நின்றால், நடுப்பகுதியில் படும் பந்து தன் வேகத்தில் ஏறத்தாழ நாற்பது வீதத்தோடு திரும்பிப் போகும். கைப்பிடியோடு சேரும் கழுத்துப் பக்கமாகப் பட்டால் இந்த வீதம் சற்றுக் கூடும்; நுனியில் பட்டால் வெகுவாகக் குறையும்.

எதிராளியின் பந்து மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாத ரக்கட்டில் பட்டு அது 32 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும். அந்த வேகமே வலையைத் தாண்டி எதிராளியின் முன்பகுதியில் விழப் போதுமானது. அதாவது ஒன்றுமே செய்யாமல், ரக்கட்டின் முகத்தை, அதாவது நரம்புப் பரப்பை, சரியாகக் காட்டி நின்றாலே ஒரு வொலி கிடைத்துவிடுகிறது. இப்போது ரக்கட்டை மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது வேகமாக நடப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில், முன்னோக்கி நகர்த்துவோம். பந்து திரும்பும் வேகம் 53 கிலோமீற்றராக உயர்கிறது. நாம் சேர்த்தது 15, கிடைத்தது 21. காரணம், முன்னே வரும் ரக்கட்டைப் பந்து இன்னும் கூடுதலான வேகத்தோடு சந்திக்கிறது. ரக்கட்டின் வேகமும் முழுமையாகப் பந்தோடு சேர்கிறது. இந்த 53 கிலோமீற்றர் வேகத்துடன் சற்று மேல்நோக்கி அனுப்பினால் பந்து எதிராளியின் பின்கோட்டை நெருங்கி விழும். வலையருகே ஆடுபவருக்கு வேண்டிய ஆழம் இதுதான். இதற்குத் தோளைச் சுழற்றி அடிக்கும் பெருவீச்சு தேவையே இல்லை. முன்காலை எடுத்துவைக்கும் உடலின் நகர்வும் முழங்கையின் சிறு நீட்சியுமே இந்த வேகத்தைக் கொடுத்துவிடும். "குத்தி விடு" என்பவர்கள் சொல்ல வருவதும் இந்தச் சிறு நீட்சியைத்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பவர் கையைப் பின்னே இழுத்து ஓங்கிக் குத்துவதாக எண்ணிக்கொள்கிறார், கெடுவது அங்கேதான்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: வொலிக்கு வேண்டிய வேகத்தின் பெரும்பகுதி பந்திலேயே இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது முகத்தின் சாய்வும், முன்னோக்கிய ஒரு சிறு நகர்வும்.

பின்வீச்சு ஏன் பகையாகிறது

அடிப்பதற்கு முன் ரக்கட்டைப் பின்னே கொண்டுபோவதைப் பின்வீச்சு என்கிறோம். பின்கோட்டில் நிற்கும்போது அது அவசியம். வலையருகே அதற்கு நேரமில்லை. நேரம் கிடைத்தாலும் அது தீங்கே செய்யும்.

டெனிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீற்றர். எதிராளி தன் பின்கோட்டிலிருந்து அடிக்க, நாம் வலையிலிருந்து மூன்று மீற்றரில் நின்றால், பந்து கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 15 மீற்றர். சராசரியாக மணிக்கு 80 கிலோமீற்றர் வேகம் என்றால், செக்கனில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்துக்குள் பந்து வந்துவிடும். கண் கண்டு, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தில் காலையும் நகர்த்தி, ரக்கட்டைப் பின்னே கொண்டுபோய், மீண்டும் முன்னே கொண்டுவருவது வல்லவர்களுக்கே அரிது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. பெரிதாக வீசப்படும் ரக்கட் தோளை மையமாகக் கொண்டு ஒரு வளைவில் செல்வதால், அதன் முகம் ஒவ்வொரு கணமும் வேறு வேறு திசையைப் பார்க்கிறது. செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் செல்லும் ரக்கட் தலை, செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ ஆறு பாகை திரும்பிவிடும். ஆறு பாகைப் பிழை, பன்னிரண்டு மீற்றருக்கு அப்பால் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட விலகலாகிறது. அவ்வளவு நுட்பமாக நேரங்கணிக்க எந்த மனிதராலும் முடியாது. வீச்சைக் குறைத்தவருடைய ரக்கட்டோ, பந்தைச் சந்திப்பதற்குச் சற்று முன்னரும் பின்னரும் ஒரே திசையைப் பார்த்தபடி நகர்கிறது. சந்திக்கும் கணம் சிறிது தவறினாலும் பந்து போக வேண்டிய பக்கம் போய்ச் சேர்கிறது.

ஆகவே பின்வீச்சுக்குப் பதிலாகத் தோள்களைத் திருப்புங்கள். வலக்கைக்காரர் ஒருவருக்குப் பந்து வலப்பக்கம் வந்தால், இடத்தோள் சிறிது முன்னே வருமாறு மேலுடல் திரும்பினால் போதும். ரக்கட்டும் தானாகவே பின்னே வந்து நிற்கும். அதன் தலை எப்போதும் உங்கள் கண்பார்வைக்குள் இருக்கட்டும். அது கண்ணுக்கு மறைந்தால் வீச்சு நீண்டுவிட்டது என்று அறியலாம்.

பிடி

ரக்கட்டின் கைப்பிடிக்கு எட்டு முகங்கள் உண்டு. ரக்கட்டின் விளிம்பு நிலத்தைப் பார்க்குமாறு, நரம்புப் பரப்புச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால், மேலே ஒரு தட்டையான முகமும், அதற்கு அடுத்து வலப்பக்கம் ஒரு சாய்ந்த முகமும் தெரியும். வலக்கையின் சுட்டுவிரல் அடிமூட்டு அந்தச் சாய்ந்த முகத்தின்மேல் அமைந்தால் அது கொண்டினென்டல் பிடி. இடக்கைக்காரருக்கு இது இடப்பக்கத்துச் சாய்ந்த முகம்.

வொலிக்கு இந்தப் பிடி ஒன்றே போதும். வலப்பக்கத்துப் பந்துக்கும் இடப்பக்கத்துப் பந்துக்கும் பிடியை மாற்றாமலே ரக்கட்டின் முகம் சற்று மேல்நோக்கித் திறந்து நிற்கும். மாற்றுவதற்கு நேரமில்லாத இடத்தில் இது பெரிய வசதி. தொடக்கத்தில் வலப்பக்க வொலி இந்தப் பிடியில் பலவீனமாகத் தோன்றும். பலர் அந்தக் கட்டத்திலேயே இதைக் கைவிட்டு, முகம் நேராக வலையைப் பார்க்கும் தங்கள் பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பிடியில் வலப்பக்கம் நன்றாக வரும். இடப்பக்கம் வரும் பந்துக்கு முழங்கை முறுகி நிற்கும். சில வாரங்கள் பொறுத்தால் மணிக்கட்டுப் பழகிவிடும்.

பிடிக்கும்போது முன்கைக்கும் ரக்கட்டுக்கும் இடையே ஒரு கோணம் இருக்க வேண்டும். ரக்கட் தலை மணிக்கட்டைவிட உயரத்தில் நிற்க வேண்டும். "மணிக்கட்டை இறுக்கு" என்பதன் உண்மையான பொருள் இந்தக் கோணத்தைக் குலையாமல் காப்பதுதான். எப்போதும் பற்களைக் கடித்துக்கொண்டு பிடித்தால் தோள் வரை விறைத்துப்போய்க் கையே நகராது. காத்திருக்கும்போது மற்றக் கையால் ரக்கட்டின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, அடிக்கும் கையை இளக்கமாக வைத்திருங்கள். பந்தைச் சந்திக்கும் கணத்தில் விரல்கள் தாமாகவே இறுகும்.

கால்கள்தான் முதலில்

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. நல்ல வொலி ஆடுபவர்கள் அனைவரிடமும் எதிராளி அடிக்கும் தருணத்தில் ஒரு சிறு துள்ளலைக் காணலாம். இரு கால்களும் தோளகலத்துக்கு விரிந்து, முழங்கால்கள் மடிந்து, முன்பாதங்களில் இறங்கும் இந்தத் துள்ளலுக்கு ஸ்பிளிற் ஸ்டெப் என்று பெயர். இறங்கும்போது தொடைத் தசைகள் இழுபட்டு நிற்பதால், எந்தப் பக்கமும் உடனே உந்திப் புறப்படலாம். எதிராளியின் ரக்கட் பந்தைத் தொடும் நேரமும் உங்கள் பாதங்கள் நிலத்தைத் தொடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முன்னோக்கி ஓடிவந்து கொண்டிருந்தாலும், அந்தக் கணத்தில் ஓட்டத்தை நிறுத்தித் துள்ளியே ஆக வேண்டும். இரண்டு மீற்றர் பின்னால் நின்று விட்டாலும் பரவாயில்லை. ஓடிக்கொண்டே பந்தைச் சந்திப்பவர் பக்கவாட்டில் திரும்ப முடியாமல் தவிப்பார்.

துள்ளிய பின்பு, வலப்பக்க வொலிக்கு இடக்காலும் இடப்பக்க வொலிக்கு வலக்காலும் முன்னே குறுக்காகச் செல்லும். பந்தை உடலுக்கு முன்னே, கண்ணால் நன்றாகக் காணக்கூடிய இடத்தில் சந்திக்க வேண்டும். உடலைத் தாண்டி வந்த பந்தை எந்த மணிக்கட்டு வித்தையாலும் காப்பாற்றுவது கடினம்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சேர்விஸ் கோடு வலையிலிருந்து 6.40 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதன் பாதித் தூரத்தில் நிற்பது தொடக்கத்துக்கு ஏற்றது. பந்தை எந்த மூலைக்கு அனுப்பினீர்களோ, அந்தப் பக்கமாகவே ஓரிரு அடி நகர்ந்து நில்லுங்கள். எதிராளி அந்த மூலையிலிருந்து அடிக்கக்கூடிய இரு எல்லைகளுக்கு நடுவே நிற்பதற்கு அதுவே வழி. ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கே எப்போதும் திரும்பி வருபவரின் அருகாகப் பந்து கோட்டோரமாய்க் கடந்து போவதை அடிக்கடி காணலாம்.

சுருக்கிச் சொன்னால், துள்ளல், தோள் திருப்பம், குறுக்கே வைக்கும் காலடி என்ற மூன்றும் நடந்துவிட்டால் கைக்கு எஞ்சும் வேலை சொற்பமே.

வலைக்குக் கீழே இறங்கிவிட்ட பந்து

வலையின் நடுப்பகுதி உயரம் 0.914 மீற்றர். அதற்கு மேலே சந்திக்கும் பந்தைக் கீழ்நோக்கி அனுப்பலாம்; அதற்குக் கீழே சந்திக்கும் பந்தை முதலில் மேலே ஏற்றியே ஆக வேண்டும். எளிய உண்மைதான், ஆனால் பெரும்பாலான வொலித் தவறுகள் இதை மறப்பதால் நேர்பவை.

வலையிலிருந்து மூன்று மீற்றரில், நிலத்திலிருந்து முப்பது சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பந்தைச் சந்திக்கிறீர்கள். அதை மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வலைக்கு மேலாக அனுப்பினால், அந்த ஏற்றத்தோடு அது எதிராளியின் பின்கோட்டையும் தாண்டிப் போய்விடும். 45 கிலோமீற்றர் வேகத்தில் சற்றுக் கூடுதலாக ஏற்றி அனுப்பினால் வலையையும் தாண்டும், கோட்டுக்குள்ளும் விழும். தாழ்ந்த பந்தில் புள்ளியை முடித்துவிட எண்ணுவது, ஆகவே, கணக்குக்கே ஒவ்வாத ஆசை. அதை ஆழமாக வைத்துவிட்டு அடுத்த பந்துக்காகக் காத்திருப்பதே முறை.

குனிவது முழங்காலால் இருக்கட்டும். இடுப்பை மட்டும் வளைத்து ரக்கட் தலையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக் கோணம் குலைந்து, முகம் எங்கே பார்க்கிறது என்பதே தெரியாமல் போகும். கண் பந்தின் உயரத்துக்கு அருகே இறங்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சுழன்று வரும் பந்து

எதிராளி மேல்நோக்கி உரசி அடித்த பந்து முன்னோக்கி உருண்டபடி வரும். இதை மேற்சுழற்சி என்போம். அது நரம்புகளில் படும்போது, நம்மைப் பார்க்கும் அதன் முகப்பு கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. நரம்புகளின் உராய்வு அதை எதிர்த்து மேலே தள்ளுகிறது. ஆகவே அத்தகைய பந்து ரக்கட்டிலிருந்து நினைத்ததைவிட உயரமாகக் கிளம்பும். கீழ்நோக்கி வெட்டி அடித்த பந்து பின்னோக்கிச் சுழன்று வரும், அது கீழ்ச்சுழற்சி. அது இதற்கு நேர்மாறாக, ரக்கட்டிலிருந்து தாழ்ந்து வலைக்குள் போகும். மெதுவாக மிதந்து வந்த வெட்டுப் பந்தை வலைக்குள் அடித்துவிட்டு, இவ்வளவு இலகுவான பந்தை எப்படித் தவறவிட்டேன் என்று வருந்துபவர்கள் ஏராளம். வந்த பந்தின் சுழற்சியைப் பார்த்து, மேற்சுழற்சிக்கு முகத்தைச் சற்று மூடியும், கீழ்ச்சுழற்சிக்குச் சற்றுத் திறந்தும் காட்ட வேண்டும் என்பதை அறிந்தாலே இந்தத் தவறு பாதியாகக் குறையும்.

இளக்கமான கை என்பதன் உண்மை

வலையை ஒட்டிப் பந்தை மெல்ல இறக்கிவிடும் வொலிக்கு ட்ரொப் வொலி என்று பெயர். கையை இளக்கமாக வைத்தால் பந்தின் வேகத்தைக் கை உறிஞ்சிக்கொள்ளும் என்றே இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. பந்து நரம்புகளில் தங்கும் அந்த ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள், கைப்பிடியில் கை எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற செய்தி பந்துக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் அவகாசமில்லை. நடுப்பகுதியில் பட்ட பந்தின் வேகத்தைப் பிடியின் இறுக்கம் மிகச் சிறிதளவே மாற்றும். உண்மையில் வேகத்தைக் குறைப்பது ரக்கட்டின் பின்வாங்கல். முன்சொன்ன 80 கிலோமீற்றர்ப் பந்தைச் சந்திக்கையில் ரக்கட் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தால், பந்து 32க்குப் பதிலாக 25 கிலோமீற்றர் வேகத்திலேயே திரும்பும். இளக்கமான கை இந்தப் பின்வாங்கலை இயல்பாக்குகிறது. விறைத்த கையால் அது இயலாது. அறிவுரை சரியானது, சொல்லப்படும் காரணம்தான் தவறு. காரணத்தை அறிந்தவர் வேண்டிய அளவுக்குப் பின்வாங்கிப் பழகலாம்.

இந்த நயத்துக்கு நம் மொழி பேசுவோரிடையே ஒரு முன்னோடி உண்டு. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற தமிழ்நாட்டு வீரர் இராமநாதன் கிருஷ்ணன், பலத்தால் அன்றிப் பந்தைத் தொட்டு வைக்கும் நேர்த்தியால் பெயர் பெற்றவர். இன்று தொலைக்காட்சியில் ஒற்றையர் ஆட்டங்களில் வொலி குறைந்துவிட்டது. பார்த்துப் பழக விரும்புவோர் இரட்டையர் ஆட்டங்களைப் பார்ப்பதே பயன் தரும்.

நம்மூர்த் தளமும் காற்றும்

வெடிப்பு விழுந்த சீமெந்துத் தளத்தில் பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. நிலத்தில் படுமுன் பந்தை எடுத்துவிடும் வொலிக்கு அந்தக் கவலை இல்லை. நம் ஆடுகளங்களில் வொலி பழகுவதற்கு இதுவே தக்க காரணம் என்று நான் கருதுகிறேன். காற்று வேறு கதை. மேடு பள்ளமற்ற குடாநாட்டில் சோளகம் வீசும் மாதங்களில் உயர்த்தி அடித்த பந்து அலைக்கழியும். காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் நிற்கும்போது எதிராளியின் பந்து விரைந்தும் ஆழமாகவும் வரும். வலையிலிருந்து ஓரடி பின்னே நில்லுங்கள், முன்னோக்கிய நகர்வையும் கூட்டுங்கள். காற்று முதுகில் அடிக்கும் பக்கத்தில் பந்து தயங்கி வந்து திடீரெனத் தாழும். அப்போது வலையை இன்னும் நெருங்கி, அது தாழுமுன்னே எடுக்க வேண்டும், திருப்பும்போது காற்றே ஆழத்தைக் கொடுத்துவிடும் என்பதால் கையைக் கட்டுப்படுத்தவும் வேண்டும்.

பழகும் முறை

முதலில் ரக்கட் இல்லாமல் தொடங்குங்கள். வலையருகே நில்லுங்கள், துணைவர் மெதுவாக வீசும் பந்தைத் துள்ளி, குறுக்கே அடிவைத்து, உடலுக்கு முன்னே ஒரு கையால் பிடியுங்கள். பிடிக்கும்போது எவரும் கையைப் பின்னே வீசுவதில்லை என்பதால், சரியான அசைவு தானாகவே படிந்துவிடும். அடுத்து ரக்கட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அதே பந்துகளைத் தடுத்துப் பாருங்கள். அதன் பின்னரே கைப்பிடிக்கு வாருங்கள். வீச்சு நீளும் பழக்கம் விடாதவர்கள், வேலியிலோ மதிலிலோ முதுகை ஏறக்குறைய ஒட்டி நின்று வொலி ஆடினால், பின்னே போகும் ரக்கட் உடனே இடித்துக் காட்டிக்கொடுக்கும்.

இருவரும் சேர்விஸ் கோடுகளுக்கு உள்ளே நின்று பந்தை நிலத்தில் விழவிடாமல் மாறி மாறி வொலியாலேயே அனுப்புவது அடுத்த நிலை. இதில் வெல்லும் எண்ணத்தை விட்டுவிட்டு, துணைவரின் மார்புக்கு நேராக அனுப்புவதையே குறியாகக் கொள்ள வேண்டும். ஆட்டத்தில் பயன்படும் ஒரு விதியையும் இந்தக் கட்டத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: பந்து வலையைத் தாண்டி நம் பக்கம் வருமுன் அதைத் தொடக்கூடாது, உடலோ ரக்கட்டோ வலையில் படவும் கூடாது, இரண்டில் எது நேர்ந்தாலும் புள்ளி எதிராளிக்கே. நம் பக்கத்தில் பந்தை அடித்த பின், அடியின் தொடர்ச்சியாக ரக்கட் வலைக்கு மேலாக மறுபக்கம் சென்றால், வலையைத் தொடாதவரை அது தவறாகாது.